அக்காவின் தங்கமீனுக்கு நான் தேர்ந்த தீனி

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவள் கையில் இரண்டு துணிப்பைகளும் ஒரு தங்கமீனும் இருந்தன. பனச்சமூட்டில் பஸ் மாறும்போது வாங்கினாளாம். பாலித்தீன் உறையில் தண்ணீர் தளும்ப மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பிள்ளையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவள் அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா மட்டும் மீனைப் பார்த்து, "இதை எதுக்குட்டி கெட்டித் தூக்கிட்டு வந்த?" என்றாள்.

"பஸ்ஸுல பேச்சுத் துணைக்கு" என்றாள் அக்கா.

நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முந்திரித் தொழிற்சாலைக்குப் போனவள் அவள். எங்கள் ஊரில் அண்டியாபீசு என்பார்கள். அங்கேயே மறுபடி சேர்ந்தாள். நான் தனுவச்சபுரத்தில் டிகிரி முடித்து, நெய்யாற்றின்கரையில் ஒரு இணைய சேவை மையத்தில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும், மருந்துச் சீட்டு முதல் ரேஷன் கார்டு வரை, என் கைக்குத்தான் வரும். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

மீன் ஒரு மாதத்தில் சோர்ந்தாற்போல் இருந்தது. "உலர்ந்த குருணையையே தின்னா யாருக்கும் சலிக்கும். நல்லதா ஏதாவது வாங்கிட்டு வா மக்கா" என்றாள் அக்கா. பாறசாலையில் வண்ணமீன் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து மூன்று அட்டைகளை எடுத்துப் போட்டார். மூன்றிலும் உறைந்த தீனி, சின்னச் சின்னக் கட்டிகளாக. ஒன்று சிவப்புப் புழு, ஒன்று பொடி இறால், ஒன்று பாசியும் காய்கறியும் அரைத்த பச்சை.

"தங்கமீனுக்குப் பச்சை போதும். சிவப்பு வேண்டுமானால் வாரத்தில் ஒருநாள்" என்றார் மலையாளத்தில்.

நான் அட்டைகளைத் திருப்பிப் பின்பக்கம் வாசித்தேன். புரதம் என்ற வரியில் சிவப்புக்குத்தான் எண் பெரிது. பச்சைக்கு மிகக் குறைவு. விலை போகாததை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பதினைந்து வருஷம் மதிப்பெண் பட்டியலில் பெரிய எண்ணைத் தேடியே வளர்ந்தவள் நான். சிவப்பில் நாலு அட்டை வாங்கினேன்.

"கறிக்கு மீன் வைக்கிய பெட்டியில புழுவா? நாளைக்குப் பாம்பும் கொண்டு வைப்பா" என்று அம்மா கத்தினாள். அக்கா அட்டைகளை ஒரு மூடிபோட்ட டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் ஓரமாகத் தள்ளினாள். தினமும் காலையும் மாலையும் ஒரு கட்டியைக் கிண்ணத்தில் இளக வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். மீன் பாய்ந்து வந்து தின்னும். அவள் முகத்தை அப்படிப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

சில வாரங்களில் மீனின் வயிறு பெருத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைத் தொட்டியருகே கூப்பிட்டாள். கேட்கத் தயங்கினாள்.

"மக்கா, இது... செனையாக்கும், இல்லியா? முட்டை உண்டா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஆமாக்கா, முட்டைதான். இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு" என்றேன்.

அவள் அண்டியாபீசில் போய்ச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் ஸ்கூட்டரில் அழைக்கப் போனபோது அவளோடு வேலை செய்யும் பெண்கள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். "எட்டி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சாச்சா?" என்றாள் ஒருத்தி. "பேறுகாலத்துக்கு உளுந்தங்கஞ்சி நான் கொண்டு வாறேன்" என்றாள் இன்னொருத்தி. அக்கா சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

பத்து நாளில் மீனின் செதில்கள் சிலிர்த்து நின்றன. சாய்ந்து நீந்தியது. "ரெண்டு நாள் தீனி போடாம பாக்கட்டா?" என்று அக்கா கேட்டாள். "முட்டை இருக்கும்போது பட்டினி போடுவாங்களா?" என்று அதட்டினேன். மூன்றாம் நாள் காலை அது வயிறு மேலாக மிதந்தது.

வேலைக்குப் போகும் அவசரத்திலும் அக்கா அதைக் கொல்லையில் வாழைமரத்து மூட்டில் குழிதோண்டிப் புதைத்தாள். நான் மையத்தில் உட்கார்ந்து தேடினேன். அரைமணி நேரத்தில் எல்லாம் கிடைத்தது. தங்கமீனுக்குக் கொழுத்த தீனி அன்றாடம் ஆகாது. வயிறு வீங்கினால் தீனியை நிறுத்த வேண்டும். செதில் சிலிர்ப்பது முட்டையல்ல, நோய். கடைக்காரர் சொன்ன பச்சைதான் சரி. வாங்குவதற்கு முன்னால் அந்த அரைமணி நேரத்தை நான் செலவழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்கள், "குஞ்சு பொரிச்சாச்சா?" என்று கேட்டார்கள். அக்கா செருப்பைப் பார்த்துக்கொண்டு, "செத்துப்போச்சு. எனக்க கைக்கு ஒண்ணும் தங்காது" என்றாள். ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள்.

வழியில் வாய்திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் கழித்து, அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். முட்டை இல்லை, விஷயம் தெரியாமலே சொன்னேன், நான் தேர்ந்த தீனிதான் கொன்றது, உன் கை ஒன்றும் செய்யவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைத் துடைத்தாள். அவள் விரல்கள் முந்திரித்தோட்டின் பாலால் கறுத்து வெடித்திருந்தன.

"எனக்கு மனசு விட்டுப்போவக் கூடாதுன்னு பழியை நீ ஏத்துக்கிட்டு நிக்குத. நீ படிச்சவ மக்கா. உனக்குத் தப்புமா?"

போனைத் திறந்து காட்டினேன். அவள் திரையைப் பார்க்கவேயில்லை. "செரி, செரி. சோறு தின்னியா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி கத்தியை எடுத்தாள்.