சல்லடையில் வந்த தண்ணீர்

எங்கள் அத்தை சல்லடையில் தண்ணீர் கொண்டுவந்தவள். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நான் கண்ணால் பார்த்தவள்.

முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் வேலை பார்த்த நர்ஸக்கா மாற்றலாகிப் போகும்போது, கண்ணாடி போட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பல நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் யாரோ செதுக்கி அச்சடித்ததன் நகல் அது என்பதெல்லாம் நான் காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. படத்தில் நீள அங்கி போட்ட பெண் ஒருத்தி ஆற்றங்கரையில் நடந்து வருகிறாள். கையில் சல்லடை, அதில் நிறையத் தண்ணீர். ரோமாபுரியில் கோயில் நெருப்பைக் காத்த கன்னியாம், நர்ஸக்கா சொன்னார். கெட்டுப்போனவள் என்று ஊர் பழி சொன்னபோது, இப்படித் தண்ணீர் கொண்டுவந்து எல்லார் வாயையும் அடைத்தாளாம்.

அத்தைமேலும் ஒரு பழி இருந்தது. குடிகாரப் புருஷன் வேண்டாமென்று பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். ஒருநாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மிளகு லாரியில் ஏறி வந்தாள். அவ்வளவுதான். ஊர் வாய் சும்மா இருக்குமா?

அம்மன் நோன்பு வந்தது. அன்றைக்கு வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து பொங்கல் பானையில் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊற்றாதவள் ஊரைச் சேர்ந்தவளே இல்லை என்று அர்த்தம். கோயில் காரியம் பார்க்கிற பெரியப்பா, அத்தையின் சொந்த அண்ணன்தான், எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. அப்பறம் குடத்தைத் தொடு."

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டனுங்கண்ணா. குடத்தையும் தொடல. ஆனா தண்ணி வருமுங்க."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. ஒரே அடுப்பில் சமைத்தாலும் பேச்சு என் வழியாகத்தான் போய்வரும். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.

நோன்பன்று குடம் தூக்கிய பெண்களுக்குப் பின்னால் அத்தை வந்தாள். இரண்டு கையிலும் எங்கள் மாவுச் சல்லடையை ஏந்தியிருந்தாள். அதில் தண்ணீர் தளும்பியது, அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேளக்காரர் கை நின்றுவிட்டது. படத்தில் இருந்தவளே இறங்கி வந்துவிட்டாள் என்று நம்பி, நான் அவளுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பெரியப்பா சல்லடைமேல் குனிந்து மூச்சை இழுத்தார். நிமிர்ந்து தங்கச்சி முகத்தைப் பார்த்தார்.

"ஊத்து, சாமி" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நான் அடித்த பெருமைக்கு அளவே இல்லை. தேனெடுக்கிற ஊர் எங்களுடையது. அன்று கோயிலில் சல்லடையிலிருந்து அடித்த தேன்மெழுகு வாசம் தெரியாத மூக்கு என் மூக்கு ஒன்றுதான். தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வழி விட்டார்கள்.

அந்தச் சல்லடையில் அப்புறம் மாவு இறங்கவே இல்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன்.

"அது அம்மன் சல்லடை, கண்ணு. இனிச் சலிக்கக் கூடாது" என்று சொல்லி, நர்ஸக்கா கொடுத்த படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். மாட்டிய கையில் விரலெல்லாம் கொப்புளம். சோறு வடிக்கும்போது சுட்டுக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.