பிலோமினம்மாவின் குரலில் அணைந்த சூரியன்

"முடிவை மட்டும் கத்துறியள், ஒளியை விழுங்குறியள்! ஏன், ஒளி உங்கடை தொண்டையிலை முள்ளாக் குத்துதோ?"

செத்தது எவரானாலும் பிலோமினம்மாவின் முறைப்பாடு இதுதான். ஊர்காவற்றுறைக்கு மேற்கே, கடலைப் பார்த்தபடி எழுபது குடிகள் இருந்த அந்தக் கரையில் செபம் சொல்லிக் கொடுப்பவர் அவர். சுவாமியார் அடக்கத்துக்கு வருவார். அதுவரைக்கும் பிரேதம் வீட்டில் கிடக்கும் நேரமெல்லாம் பிலோமினம்மாவின் ஆட்சி. முதற் பாதியை அவர் சொல்ல, மறுபாதியைச் சனம் சொல்லவேண்டும். நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே என்று அவர் இழுத்து நிறுத்துவார். முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக என்று சனம் முடிக்கவேண்டும். சனத்துக்கோ வலை கிடக்கிறது, உலை கிடக்கிறது. "முடிவில்லா" வரைக்கும் ஒழுங்காக வந்து, மிச்சத்தை வெற்றிலையோடு சேர்த்து மென்றுவிடும். உடனே பாயில் ஓங்கி ஓர் அடி விழும். முறைப்பாடு புறப்படும். பிரேதத்தைத் தவிர மற்ற எல்லோரும் அந்த வரியைத் திரும்பச் சொல்லவேண்டும்.

குரல் என்றால் அது ஒரு குரல். மூக்கில் தொடங்கி, நெஞ்சுக்குள் இறங்கி, கடைசி எழுத்தில் ஒரு சுண்டு சுண்டித் திரும்பும். கிழமை நாட்களில் அதே குரல் கடற்கரையில் கருவாட்டுக்குக் காவல் நிற்கும். பிலோமினம்மா மீன் வெட்டி, உப்புப் போட்டு, பாயில் பரப்பிவிட்டுக் காகம் விரட்டும்போது, தூரத்தில் நிற்பவர்கள் ஆரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றியதும் உண்டு.

அவருடைய தங்கை மேரிறோஸின் மூத்த மகன் எமிலியானுஸ். பல்கலைக்கழகத்துக்கு நாலு புள்ளி குறைந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பஸ்ஸில் வருவான், திங்கள் விடியப் போவான். அவனிடம் இரண்டு கெட்டித்தனம் இருந்தது. ஒன்று பௌதிகம். மற்றது, ஒருவரின் குரலை ஒருமுறை கேட்டால் போதும், சட்டையைப்போல எடுத்துப் போட்டுக்கொள்வான். பஸ் கொண்டக்டர், சுவாமியார், சுங்கத்து ஐயா, எல்லாரும் அவன் வாய்க்குள் குடியிருந்தார்கள். ஆனால் கிராக்கி பெரியம்மாவுக்குத்தான். பன்னிரண்டு வயதில், செத்தவீடுகளில் கதிரைகளுக்குப் பின்னால் குந்தியிருந்து பழகிய குரல் அது.

எழுபத்தாறாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், வாசிகசாலையில் அவன் பேச்சு. "சூரியனும் சாகும்" என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. தலைமை தாங்கச் சரவணை என்ற ஊரிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார் பாலசிங்கம் மாஸ்ரர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் குடை. எமிலியானுஸ் ஒரு பூசணிக்காயைச் சூரியன் என்று மேசையில் வைத்தான். ஒரு கடுகை எடுத்து, இதுதான் பூமி என்று விரல் நுனியில் காட்டினான்.

"இன்னும் ஐந்நூறு கோடி வருஷத்திலை சூரியனிலை எரியிற சாமான் முடிஞ்சிடும். அப்ப அது பொம்மிப் பெருத்து, எங்கடை கடலெல்லாத்தையும் கொதிக்க வைக்கும். பிறகு சுருங்கிச் சாம்பலாப் போகும். மற்ற நட்சத்திரங்களும் ஒண்டொண்டா அணையும். கடைசியிலை இருட்டும் குளிரும்தான்."

பாலசிங்கம் மாஸ்ரர் இருந்தபடியே செருமினார். "தம்பி, இது எங்களுக்குப் புதினமில்லை. பிரமாவின்ரை ஒரு பகல் நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷம். உம்மடை விஞ்ஞானிமாரும் கிட்டத்தான் வந்திருக்கினம். பிரளயம் வரும், பிறகு அவர் எழும்பித் திரும்பப் படைப்பார்."

"உங்களுக்குப் பரவாயில்லை மாஸ்ரர்," என்றான் எமிலியானுஸ். "உங்கடை ஆள் நித்திரை கொண்டு எழும்புறார். எங்கடை பக்கத்திலை முடிவே இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். அதுதான் சிக்கல்."

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவன் பெரியம்மாவைக் கண்டான். வாசிகசாலைப் படியை அதுவரை மிதிக்காதவர், பூசைக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையோடு பெண்கள் இருக்கும் வாங்குப் பலகையின் நுனியில் இருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. கடுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "அப்ப செத்தவீட்டிலை கேக்கிற ஒளி என்னண்ணை ஆகும்?"

விட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்பதுதான் உண்மையும்கூட. ஆனால் அறுபது பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எமிலியானுஸ் மூக்கைச் சுருக்கினான், மேசையில் ஓங்கி அடித்தான். பெரியம்மாவின் குரல் வந்தது. "முடிவில்லாத ஒளி... ஐயோ பிள்ளையள், முடிவு வந்திட்டுது! விளக்குக்கு எண்ணெய் முடிஞ்சுது!"

வாசிகசாலை கூரை கழன்றுவிடும்போலச் சிரித்தது. பாலசிங்கம் மாஸ்ரர்கூடக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "இன்னொருக்கா! இன்னொருக்கா அண்ணை!" என்று சத்தம். எமிலியானுஸ் இன்னொருமுறையும் செய்தான். முதல்முறை வாய் முந்திவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். இரண்டாம்முறைக்கு அந்தச் சாட்டும் இல்லை. பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டுதான் செய்தான். அவர் எழும்பிப் போகவில்லை. முந்தானையை எடுத்துத் தோளைப் போர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்துச் செபஸ்தியம்மா என்ற கிழவி செத்துப்போனார். பிலோமினம்மா வந்து பாயில் இருந்து செபமாலையை எடுத்தார். நித்திய இளைப்பாற்றி வந்தது. சனம் முடிவில்லாத என்று தொடங்கியது. பந்தற் காலடியில் நின்ற பெடியன்களில் ஒருவன் மெல்ல, மிக மெல்ல, "எண்ணெய் முடிஞ்சுது" என்றான். தண்ணீர்ச் செம்போடு வந்த கிறேஸ் என்ற பெட்டைக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போய்ச் செம்பு கையிலிருந்து விழுந்தது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். பிரேதத்துக்கு முன்னால் சிரிப்பு.

பாயில் அடி விழவில்லை. முறைப்பாடு வரவில்லை. பிலோமினம்மா செபமாலையைச் சுருட்டி மடியில் செருகினார். பிரேதத்தின் கையைத் தொட்டு, "செபஸ்தி, என்னை மன்னிச்சுக்கொள்ளணை," என்றார். எழும்பிப் போய்விட்டார். பந்தலுக்கு வெளியே நின்ற எமிலியானுஸைத் தாண்டித்தான் போனார். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு எவர் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "தொண்டை கட்டியிருக்கு."

அடுத்த இரண்டு செத்தவீட்டிலும் கோயில் மூப்பர் செபம் சொன்னார். பஸ் போகும் இடங்களை வாசிப்பதுபோல வாசித்தார். சனத்துக்கு என்னவோபோல இருந்தது. எமிலியானுஸை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அதைவிட மோசமானது நடந்தது. சந்தியில் மறித்து, "தம்பி, அவவின்ரை குரலிலை ஒருக்காச் சொல்லுமன், கேட்டுக் கனநாள்," என்று உண்மையாகவே கேட்டார்கள். அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினான். கருவாட்டுப் பாய்கள் கிடக்கும் பக்கமே போகாமல், பனங்காணிக்குள்ளால் சுற்றி வீட்டுக்கு வரப் பழகினான்.

ஒருநாள் மேரிறோஸ் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு முன்னால் இருந்தார்.

"ஏன்ரா, பெரியம்மான்ரை பக்கம் போறேல்லையோ?"

"வேலை அம்மா."

"என்ன வேலை? சூரியனுக்கு எண்ணெய் விடுற வேலையோ?" மேரிறோஸின் குரல் உடைந்தது. "அக்கான்ரை மனுசன், உன்ரை பெரியையா, அறுபத்துநாலுப் புயலோடை கடலிலை போனவர். உனக்குப் பத்துப் பதினொரு வயது, ஞாபகம் இருக்கும். பிரேதம் கிடைச்சுதோ? பத்திநாதர் எண்டு பேர் எழுத ஒரு குழி இருக்கோ சேமக்காலையிலை? அவருக்கு ஒரு செத்தவீடும் நடக்கேல்லையடா. ஆர் செத்தாலும் அந்த ஒரு வரியை அக்கா அவருக்கும் சேர்த்துத்தான் சொல்லுறவ. நீ சிரிச்சது அதைத்தான்."

ஐந்நூறு கோடி வருஷத்தைக் கரும்பலகையில் பூச்சியம் பூச்சியமாக எழுதத் தெரிந்தவனுக்கு, இந்தப் பன்னிரண்டு வருஷத்தை எண்ணத் தெரியாமல் போயிற்று.

மார்கழியில் ஒரு காலை, வள்ளத்தைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை எழும்பவில்லை. மூப்பரும் அன்று யாழ்ப்பாணம் போயிருந்தார். மேரிறோஸ் அழுகைக்கு நடுவே மகனின் கையைப் பிடித்தார்.

"அக்காவைக் கூட்டிக்கொண்டு வா. வேறை ஆரும் போகவேண்டாம். நீ போ. நீதான் போகவேணும்."

போனான். பெரியம்மா வீட்டுப் படலைவரைக்கும் போனான். உள்ளே கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. டக், டக், டக். படலையில் கையை வைத்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? பெரியம்மா என்று தொடங்கவேண்டும். அந்தச் சொல் வாய்க்குள் ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே கத்திச் சத்தம் நின்றது, ஆரோ நிற்கிறார்கள் என்று தெரிந்ததுபோல. எமிலியானுஸ் திரும்பி நடந்தான். வீட்டுக்கு வந்து, தாயின் முகத்தைப் பாராமல் சொன்னான்.

"தொண்டை ஏலாதாம்."

வெயில் ஏறியது. சனம் நிறைந்தது. செபம் இல்லாமல் பிரேதம் கிடந்தது. "மூத்த மகன் இருக்கிறான்தானே, படிச்சவன், சொல்லட்டுமன்," என்றது ஒரு குரல். எமிலியானுஸைத் தகப்பனின் தலைமாட்டில் இருத்தினார்கள்.

அவன் வாயைத் திறந்தான். "நித்திய இளைப்பாற்றியை..."

வந்தது பெரியம்மாவின் குரல். மூக்கு, நெஞ்சு, கடைசிச் சுண்டு, ஒன்றும் குறையவில்லை. அவன் பதறி நிறுத்தினான். திரும்பத் தொடங்கினான். திரும்பவும் அதே குரல். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. வாழ்க்கையில் ஒருநாளும் அவன் அந்தச் செபத்தைச் சொந்தக் குரலில் சொன்னதில்லை. கதிரைகளுக்குப் பின்னால் இருந்து பகிடிக்குத்தான் சொல்லியிருக்கிறான். அந்தச் சொற்கள் அவனிடம் வேறு குரலில் இல்லவே இல்லை.

"தேப்பன்ரை பிரேதத்துக்கு முன்னாலையும் பகிடியோடா, நாயே!" என்று பின்னால் ஒருவர் எழும்பினார். மேரிறோஸ் முகத்தை மூடிக்கொண்டார். இல்லை, இல்லை என்று சொல்ல எமிலியானுஸ் வாயெடுத்தான். அந்த 'இல்லை' எந்தக் குரலில் வருமோ என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டான்.

வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். பிலோமினம்மா வந்துகொண்டிருந்தார். கையில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது. துக்கமணி கேட்டுக் காத்திருந்து, ஒருவரும் கூப்பிடாமல் வந்திருக்கிறார்.

மேரிறோஸ் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். "அக்கா, தொண்டை ஏலாதெண்டு இவனிட்டைச் சொல்லி விட்டனியாமெல்லே?"

பிலோமினம்மா எமிலியானுஸைப் பார்த்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முழுச் சனத்துக்கும் முன்னால் பொய் உடையப் போகிறது, உடையட்டும்.

"ஓம்," என்றார் பிலோமினம்மா. "சொல்லித்தான் விட்டனான். இப்ப சுகம்."

அடி விழுந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். பெரியம்மா அவனைக் கையால் மெல்லத் தள்ளிவிட்டுப் பாயில் இருந்தார். செபம் தொடங்கியது. அன்று எவரும் ஒளியை விழுங்கவில்லை. பந்தற் கால்கூட அதிரும்படி முழு வரியையும் சொன்னார்கள். எமிலியானுஸ் மட்டும் வாயை அசைத்தான், சத்தம் விடவில்லை.

எண்பத்தோராம் ஆண்டு கண்மூடும்வரை கரையில் எல்லாச் செத்தவீட்டிலும் பிலோமினம்மாதான் செபம் சொன்னார். வாசிகசாலைக் கதையை ஒருபோதும் எடுக்கவில்லை. எமிலியானுஸ் எடுக்கப் பார்த்தால், சீலா மீன் என்ன விலை போகுதெண்டு தெரியுமோ என்று மறித்துவிடுவார். அவனோடு பின்னர் கனிவாகவே இருந்தார். அந்தக் கனிவு அவனை ஏச்சைவிடச் சுட்டது. ஆகவே பதிலடி என்று அவரிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது, தகப்பனை அடக்கிய அன்று சேமக்காலைப் படலையில் கிடைத்த ஒன்றுதான். சனம் கலைந்துகொண்டிருந்தது. அவன் பின்னால் ஓடிப்போய் முன்னால் நின்றான். "பெரியம்மா, நான் பேசினதெல்லாம் பிழையெண்டு வாற ஞாயிறு வாசிகசாலையிலை எழும்பி நிண்டு சொல்லுறன்," என்றான். பிலோமினம்மா காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன்ரா பொய் சொல்லப் போறாய்? இண்டைக்குச் சொன்னது காணாதோ? உன்ரை சூரியன் அணையிறதெண்டால் அணையட்டும், நான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறனோ? ஐந்நூறு கோடி வருஷமெண்டாய். என்ரை மனுசன் கிடக்கிற இடத்திலை அது அறுபத்துநாலிலையே அணைஞ்சு போச்சுது. அதுக்குப் பிறகுதான்ரா நான் ஒளி கேக்கத் துவங்கினனான், அது வேறை ஒளி, உன்ரை பூசணிக்காயிலை இல்லை. நீ சொன்னதிலை எனக்கு ஒரு நோவும் இல்லை. என்ரை தொண்டையைக் களவெடுத்துச் சொன்னியே, அதுதான் நொந்தது. இப்ப கொப்பரும் போயிட்டார். போ, போய் எங்கையாவது இருந்து உன்ரை சொந்தக் குரலிலை ஒருக்கா அழு, உனக்கு அப்பிடியொண்டு இருக்கோவெண்டு முதல்லை பார்."