சட்டம் மாறப்போகுது எண்டினம்

கண்ணாடிக் கடையில் நிற்பவனுக்குக் கண்ணைவிடச் சட்டம்தான் கூடத் தெரிந்திருக்கவேண்டும். தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், வெக்ஸ்போர்ட் பக்கம் எனக்கு அந்த வேலை. பக்கத்துக் கதவு டொக்டர் வசந்தி; வைத்தியர் அல்ல, பார்வை சோதிக்கும் ஒப்டோமெட்ரிஸ்ட். அவ கண்ணைச் சோதித்துப் பவர் எழுதுவா. நான் கண்ணாடி செய்து கொடுப்பேன். சட்டப்படி அவ கண்ணுக்கு மருந்து எழுதக்கூடாது, நான் கண் சோதிக்கக்கூடாது. இந்த இரண்டு தடையையும் எடுக்கலாமென்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. கண்ணாடி போட்டு அவதிப்படும் உங்களுக்கு இது விளங்கும்.

சிவந்த கண்

பேக்கரியில் வேலைசெய்யும் பாலா அண்ணை ஒரு சனிக்கிழமை கண் சிவந்து, பீளை வடிய வந்தார். வசந்தி பார்த்தவுடனேயே என்ன தொற்று என்று சொல்லிவிட்டா. துளிமருந்து எழுத மட்டும் வழியில்லை. குடும்ப டொக்டரின் கிளினிக் பூட்டு. ஆஸ்பத்திரி எமேர்ஜென்சியில் பின்னேரம்வரை இருந்து மருந்து வாங்கினார்.

திங்கட்கிழமை வந்து சொன்னார்: "கண்ணை வடிவாப் பாத்தவவுக்கு மருந்து எழுதேலாது. மருந்து எழுதினவர் என்ர கண்ணை நிமிர்ந்தும் பாக்கேல்லை. நல்ல நாடு, தம்பி."

கலியாணக் கண்ணாடி

மோர்னிங்சைட்டில் இருக்கும் சரோஜா அன்ரியின் மகனுக்கு றிச்மண்ட் ஹில் கோயிலில் கலியாணம். அன்ரிக்குப் பழைய கண்ணாடியில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதாம். வசந்தியோ லீவில். "நீரே சோதிச்சுத் தாரும்" என்று அன்ரி கதிரையில் இருந்துவிட்டா. சட்டம் விடாது என்றேன்.

கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினா. "கோழி விக்கிறவன் கறி வைக்கக்கூடாது எண்டு ஆர் சொன்னது?"

கறுப்புத் திரை

டாக்சி ஓட்டும் யோகன் அவசரத்தில் வந்தான். வலது கண்ணின் ஓரத்தில் ஏதோ கறுப்பாக மறைக்கிறதாம். "பவரைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ அண்ணை, வாகனம் வெளியில நிக்குது." சோதித்துப் பார்க்க எனக்கும் கை துறுதுறுத்தது. கூடாதென்பதால் வசந்தியிடம் அனுப்பினேன்.

அவ உள்ளே பார்த்துவிட்டு, தானே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தா. விழித்திரை கிழிந்து கழலத் தொடங்கியிருந்தது. அடுத்த நாளே ஒப்பரேஷன், பார்வை தப்பியது.

சில கிழமை கழித்துப் புதுக் கண்ணாடிக்கு வந்தவன் சிரித்தான்: "சட்டம் மாறியிருந்தா உங்களோடயே முடிச்சுக்கொண்டு போயிருப்பன். நல்ல காலம், அண்ணை."

நான் அந்தக் கடையில் நின்றவரைக்கும் சட்டத்தைப் பற்றிய கூட்டங்கள் நடந்துகொண்டேயிருந்தன; நீ எந்தப் பக்கம் என்று கேட்டால், நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவேன்.