பெண் பார்க்க வந்த குக்ரி

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. நீளமான அட்டைப்பெட்டி. கையில் வாங்கும்போதே ஒரு பக்கம் மட்டும் கனத்தது. மகன் பெயருக்கு வந்த பெட்டியை நான் பிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். ராஜபாளையத்தில் எந்த அம்மா பிரிக்காமல் வைத்திருக்கிறாள், சொல்லுங்கள். காய் நறுக்குகிற கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்தேன். உள்ளே இன்னொரு கத்தி! கறுப்புத் தோல் உறை, அடியில் பித்தளை வைத்த மரப்பிடி. தோலும் எண்ணெயும் கலந்த வாசனை குப்பென்று ஏறியது. "குக்ரி!" என்று தனியாக நின்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வந்த மகனிடம் கேட்டால், செண்பகத்தோப்பில் மலையேறப் போகும்போது கொண்டுபோகவாம். இதை இடுப்பில் சொருகிக்கொண்டு வனத்துறை செக்போஸ்டில் போய் நின்றால் அவனைக் காட்டுக்குள்ளும் விடமாட்டார்கள், வீட்டுக்கும் விடமாட்டார்கள். அதைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. பிறகு, "உனக்கு எப்படிம்மா இதோட பேரு தெரியும்?" என்றான். எனக்கா தெரியாது! எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தையே உண்டு இல்லை என்று ஆக்கப் பார்த்த சாமான் அல்லவா அது.

அப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீஸ் வேலைதான் என்றாலும் பஞ்சு சும்மா விடாது. பஸ்ஸில் ஏறும்போது அறுபது வயதுக்காரி மாதிரி தலை நரைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னை முன்னால் உட்காரவைத்து ஒவ்வொரு இழையாக எடுப்பாள். எடுத்துக்கொண்டே பேசுவாள். அப்படிப் பேசும்போதுதான் அந்தப் பட்டாளத்துக்காரர் கதையும் வந்தது. லீவில் வந்தவர், ஆடிப்பூரத் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இவள் பார்த்தாளாம், அவரும் பார்த்தாராம். ஊரே ஆண்டாளைப் பார்க்கும்போது இவர்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வேலை. அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஆனால் அடுத்த லீவில் வத்திராயிருப்பிலிருந்து அவருடைய அம்மா ஆள் விட்டுப் பெண் கேட்டுவிட்டார்.

அப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "பட்டாளத்துக்காரனுக்குக் குடுத்தா, பிள்ளைய ரயில்ல ஏத்திவிட்டுட்டு நாம ஸ்டேசன்லயே நிக்க வேண்டியதுதான்" என்றார். வீடு தேடி வருகிறவர்களை வேண்டாம் என்பது மரியாதை இல்லை. வந்துவிட்டுப் போகட்டும், பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"ஏட்டி, இவியளையும் வேண்டாம்னுட்டாவன்னா, பொறவு எவன் வந்தாலும் நான் காப்பித் தட்டத் தூக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். பால்கோவா வைத்தோம். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் அதைத் தின்பதைவிட வந்தவர்களுக்கு வைப்பதுதான் அதிகம். அக்கா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, மழை பெய்யுமா பெய்யாதா என்று பேசிக்கொண்டிருந்தார். வேண்டாத சம்பந்தம் வந்தால் அப்பா மழையைத்தான் பேசுவார்.

அப்போது பட்டாளத்துக்காரர் பைக்குள் கையை விட்டு, நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். "எங்க யூனிட்ல நேபாளத்து ஆளுக நிறைய. பெரியவங்களுக்கு மரியாதை செய்யணும்னா இந்தக் குக்ரியத்தான் குடுப்பாங்க" என்றார்.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் பக்கத்தில் இரும்பைக் கையில் கொடுப்பது கிடையாது. அருவாளோ அரிவாள்மனையோ, கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் பகை. அதுவும் பெண் பார்க்க வந்த வீட்டில்! அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, கூறுகெட்டவனே! வடக்க போயி எல்லாத்தையும் மறந்துட்டியா? கீழ வையிலே!"

அவர் பதறிப்போய்க் கீழே வைத்தார். சம்பந்தம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் எப்படி இருப்பார்? அவர் தென்னந்தோப்புக்காரர். ஊரில் யார் புது அருவாள் அடித்தாலும் வாங்கி, கட்டைவிரலில் கூர் பார்க்காமல் விட்டதில்லை. இதுவோ முதுகு வளைந்து, வயிறு பெருத்து, மூக்கு நீண்டு ஒரு தினுசாகக் கிடக்கிறது. உறையின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கத்திகள் வேறு, தாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி. செத்த நேரம் பொறுத்தார். பிறகு குனிந்து எடுத்துவிட்டார். இடது கையால் உறையை முழுசாகப் பொத்திப் பிடித்து, வலது கையால் பிடியை இழுத்தார்.

"கையை எடுங்க!"

வீடே அதிர்ந்தது. பெண் கேட்டு வந்தவர், பெண்ணின் அப்பாவைப் பார்த்துப் போட்ட அதட்டல் அது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டார். அப்பாவை அந்த வீட்டில் யாரும் அதுவரை அதட்டியது கிடையாது.

"மாமா... இல்ல, ஐயா... மன்னிச்சுக்கிடுங்க" என்று அவருக்கு நாக்கு குழறியது. கிட்டே வந்து உட்கார்ந்து உறையைத் தொட்டுக் காட்டினார். கூர் இருக்கிற பக்கம் விரலை மடக்கிப் பிடித்தால், உருவும்போது கத்தி தையலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுமாம். முதுகுப் பக்கத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டுமாம். அவருடைய கூட்டாளி ஒருத்தருக்கு அப்படித்தான் இரண்டு விரல் போயிற்றாம். அப்பா உறையைத் திருப்பிப் பார்த்தார். அவர் பொத்திப் பிடித்திருந்த இடத்தில் தையல் ஏற்கெனவே விட்டிருந்தது.

"ஆமாலே" என்றார் அப்பா, மெதுவாக. பிடியை மாற்றினார். உருவினார்.

ஐயோ, அந்த அழகை எப்படிச் சொல்ல! ஜன்னல் வெளிச்சம் அதன் வளைவில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிடிக்குப் பக்கத்தில், கூர் ஆரம்பிக்கிற இடத்தில், பல் விழுந்த மாதிரி ஒரு சின்ன வெட்டு. எதற்கு என்று பட்டாளத்துக்காரரிடம் நான் கேட்டதற்கு, ரத்தமோ தண்ணீரோ கைப்பிடிக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும் என்றார். அப்புறம், ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், தனக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்பா கேள்வி கேட்கவில்லை. நேராகக் கொல்லைக்கு நடந்தார். அடுக்களையில் இருந்த அக்காவைத் தவிர நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம். இளநீர்க் குலை ஒன்று கிடந்தது. ஒரு காயை எடுத்துக் கட்டைமேல் வைத்து, அருவாளை இழுத்து வெட்டுகிற பழக்கத்தில் மணிக்கட்டைச் சுண்டினார். கத்தி கேட்கவில்லை. காயை விட்டுவிட்டுக் கட்டையில் போய்ப் பாய்ந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அப்பாவுக்கு ரோஷம்.

"இழுக்காதீங்க, சும்மா விழ விடுங்க" என்றார் பட்டாளத்துக்காரர்.

அப்பா கையைத் தளர்த்தினார். தூக்கினார். விழ விட்டார். சடக்! இளநீரின் தலை பறந்து போய்க் கோழிக்கூண்டில் விழுந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்து, பட்டாளத்துக்காரரின் அம்மாவுடைய பட்டுச்சேலையெல்லாம் நனைந்தது. நான் "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று குதித்தேன். அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெயிட்டு பூரா முன்னால நிக்குது. கை வழி காட்டினாப் போதும்" என்று அப்பா அதைக் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தார். எனக்கும் கொடுத்தார், கீழே வைத்துத்தான். எடுத்த உடனே அது மூக்கைத் தாழ்த்தியது. வெட்ட வேண்டும் என்று அதுவே கேட்கிற மாதிரி இருந்தது. நானும் ஒரு காயை இரண்டாக்கினேன். அன்றைக்கு ஒரு குலையையே காலி பண்ணி, எதிர்வீட்டு மாடு வரைக்கும் எல்லாரும் இளநீர் குடித்தோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லீவு இன்னும் எம்புட்டு நாள் இருக்கு?" அவருக்குப் புரியவில்லை. "அதுக்குள்ள முகூர்த்தம் இருக்கான்னு பாக்கணும்லா" என்றார் அப்பா. சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

பிறகு அம்மா கேட்டதற்கு அப்பா சொன்னது இதுதான்: "பொண்ணு கெடைக்காமப் போனாலும் போகட்டும்னு, என் விரலுக்காகச் சத்தம் போட்டான்லா. அது போதும்."

அத்தானாகிவிட்ட அவரும் அப்பாவும் கடைசிவரை ஒரு சுடுசொல் பேசிக்கொண்டதில்லை. இரும்பைக் கையில் நீட்டியதால் பகை எதுவும் வரவில்லை. ஆனால் அப்பா முதலில் பயந்தது அப்படியே நடந்தது. அக்கா ரயிலேறினாள், ஊர் ஊராகப் போனாள், இப்போது புனேயில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என் தலையில் பஞ்சு எடுக்க ஆளில்லை. நானே சீப்பை வைத்து வறட்டு வறட்டென்று இழுத்துக்கொள்வேன். தோப்பு பிளாட்டாகிவிட்டது. வீடு மாறியதில் குக்ரி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அப்பாவும் இல்லை.

மகன் வாங்கியதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னட்டி இது, இம்புட்டுப் பெருசா?" என்றாள்.

"என்னக்கா மறந்துட்டியா? அத்தான் கொண்டாந்தது இதே மாதிரிதான!"

"அதை நான் எங்கட்டி பாத்தேன்?" என்றாள் அக்கா. "நான் அடுக்களை ஜன்னல் வழியா அப்பா மொகத்தையேல்லா பாத்துக்கிட்டு நின்னேன். என்ன சொல்லுவாவளோ, என்ன சொல்லுவாவளோன்னு. எம்புட்டு அழகாச் சிரிச்சாவ தெரியுமா? சின்னப் பிள்ளை மாதிரி, வாயெல்லாம் பல்லா. எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளயே நிக்கி. நீ பக்கத்துலதான நின்ன, நீயும் பாத்திருப்பேல்லா?"

நான் பார்க்கவில்லை. அப்பா அப்படிச் சிரித்து நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை.