ஐஸ் கப்பலில் வந்த தாத்தா

எங்கள் வீட்டில் யாருக்காவது காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் போக மாட்டோம். "அமெரிக்கத் தாத்தா ரத்தம்" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிடுவார். சித்தப்பா மார்கழியிலும் ஏசி போட்டுத் தூங்குவதற்கும் அந்தத் தாத்தாதான் காரணம். சாந்தோமில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அத்தை என்னைவிடக் கறுப்பு. "அவரு நெறம் உள்ள போய் ஒளிஞ்சிக்கினு கீதுடா" என்பார்.

கதை இதுதான். அமெரிக்காவில் ஏதோ ஒரு பட்டிக்காட்டு விவசாயி மகன். அந்தக் காலத்தில் அங்கே உறைந்த ஏரியை வெட்டிக் கப்பலில் மெட்ராசுக்கு ஐஸ் அனுப்புவார்கள். ஐஸோடு அவரும் வந்து இறங்கினார், மயிலாப்பூர்ப் பெண்ணைப் பார்த்தார், எங்கள் வேதத்துக்கு மாறிக் கல்யாணமும் செய்துகொண்டார். அவர் கல்லறை எங்கள் குடும்பக் கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபிக்கு முன்னால் இதைக் கேட்டாக வேண்டும்.

போன வருஷம் வம்பு விமானத்தில் வந்தது. அமெரிக்காவில் சோளம் பயிரிடும் ஓர் அம்மாள், தன் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைத் தேடிக்கொண்டு எங்கள் மாதா கோயிலுக்கே வந்துவிட்டார். அதே ஆள். கல்லில் பெயரும் ஊரும் அப்படியே இருந்தன. அத்தை அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அம்மாளோ பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, இதில் எச்சில் துப்பினால் உறவு தெரிந்துவிடும் என்றார்.

"வேணாம் அத்தை" என்றேன்.

"நீ சும்மா கெட. காலைல சங்கரா மீன் கொழம்பு சாப்ட்டேன். அது அமெரிக்காவ மறைச்சிடாதே?"

வாய் கொப்பளித்து, சிலுவை போட்டுக்கொண்டு துப்பினார்.

மழைக்கு முன்னால் முடிவு வந்தது. அமெரிக்கா ஒரு சொட்டு இல்லை. கடல் தாண்டியது எதுவுமே இல்லை. நாங்கள் ராயபுரத்தையே தாண்டியிருப்போமா என்பது சந்தேகம்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. கல்லறைத் திருநாளில், மிஞ்சிய மெழுகுவர்த்தியை யாரும் வராத பக்கத்துக் கல்லறையில் ஏற்றிவிட்டு வருவது எங்கள் ஆட்களின் வழக்கம். தலைமுறை தலைமுறையாக ஏற்றி ஏற்றி, பக்கத்துக் கல்லறைக்காரரைத் தாத்தாவாக்கி விட்டிருக்கிறோம்.

அத்தை ஒடுங்கிப்போனார். பூசையில் முதல் பெஞ்சில் உட்காருபவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். துக்கம் விசாரிப்பது போல் வந்து கேட்டவர்களிடமெல்லாம் "டெஸ்டே தப்பு" என்று நான் சண்டை போட்டேன். எனக்கு அந்தக் குழாயின் மேல் அவ்வளவு ஆத்திரம்.

கல்லறைத் திருநாள் வந்தது. இனி அந்தக் கல்லின் பக்கமே போக மாட்டார் என்று நினைத்திருந்தேன். காலையில் வாளி, துடைப்பம், சாமந்தி எல்லாம் எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறியிருந்தன. எங்கள் கல்லறையை விட்டுவிட்டு அவருடைய கல்லைத்தான் முதலில் கழுவினார்.

"அத்தை, அவர் நமக்கு யாரும் இல்லன்னு தெரிஞ்ச பிறகுமா?"

அத்தை தலையைத் தூக்கவில்லை.

"நமக்குத்தான்டா தெரிஞ்சிச்சி. அவருக்கு இன்னா தெரியும்? பேரப்புள்ளைங்க இன்னும் காணோமேன்னு பார்த்துக்கினு இருப்பாரு, பாவம்."