மின்னல் தூக்கி வந்த பெட்டி

வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு மின்னல் என்றுதான் பெயர். அவள் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு வாசகம் சொல்லும் வக்கீலுக்கே மூச்சு வாங்கும். பேருந்துக் கதவில் வலக்கை நசுங்கியதோடு அது போயிற்று. எலும்பு கூடிவிட்டது, இரண்டு விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. வரிக்கு வரி பிழை. தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிப்பாள்.

"கொஞ்ச நாள் ஓய்வெடும்மா" என்றார் வக்கீல். அதன் அர்த்தம் அவளுக்குப் புரியாமல் இல்லை.

கப்பலில் வேலை பார்த்த தம்பி அந்த முறை ஊருக்கு விடுப்பில் வரும்போது ஒரு பெட்டியோடு வந்தான். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. பெட்டியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. இருபுறமும் பிளாப்பி என்ற பதிவுத்தட்டைச் செருகும் வாய்கள்.

"கம்ப்யூட்டர்க்கா! எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்."

தூக்கிப் பார்த்தாள். "யானைக்குட்டியே தேவலைடா. பேட்டரி எங்க?"

"அது கிடையாது. பிளக் இருக்கற இடமாப் பாத்து உக்காரணும்."

"நல்லாருக்கு போ!"

ஆனால் தப்பு எழுத்தை மட்டும் அழித்துத் திருத்தலாம், தாளே வீணாகாது என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். மடங்காத விரல்களின் வேலையை இடக்கைக்குப் பழக்கினாள். நீள வரியில் பாதி திரைக்குள் அடங்காது. பக்கவாட்டில் நகர்த்தித்தான் படிக்க வேண்டும். கண் எரிந்தது. விடவில்லை.

பிறகு ஒருநாள் காலை, தம்பி அதற்கென்று வாங்கித் தந்த அச்சுப்பொறியைச் சுமக்க, பெட்டியோடு அலுவலகப் படியேறினாள்.

"என்னம்மா, தையல் மெஷினா? கடை வைக்கப் போறியா?" என்றார் வக்கீல்.

"அவசர மனு ஏதாவது இருந்தாச் சொல்லுங்க சார், அடிக்கறேன்."

நண்பகலில் மின்சாரம் போனது. திரை இருண்டது; அடித்ததெல்லாம் காற்றோடு போயிற்று.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

"பிளாப்பில பதிஞ்சு வைக்காதது என் தப்பு சார். பெட்டி மேல பழி போடாதீங்க."

மின்சாரம் வந்ததும் வக்கீல் மறுபடி சொல்ல, முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இம்முறை பத்திக்குப் பத்தி பதிந்துகொண்டாள். மாலையில் முடிந்தபோது வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எதிராளி பேரையே தப்பாச் சொல்லிட்டேனேம்மா! பக்கத்துக்குப் பக்கம் வருதே!"

அவள் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒருமுறை அடித்தாள். பெட்டி உள்ளுக்குள் கரகரத்தது. எல்லாப் பக்கத்திலும் பெயர் மாறியது.

அச்சடித்த தாள்களை நிதானமாகப் படித்துவிட்டு வக்கீல் கேட்டார், "நாளைக்கு எப்ப வருவே?"

"பிளக் பக்கத்துல ஒரு மேசை போட்டுக் குடுங்க. உங்களுக்கு முன்னாடி வந்துடறேன்."

மேசை கிடைத்தது. பழைய வேகம் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தின் மனுக்களெல்லாம் அவள் கையால்தான் வெளியே போயின.