வூடு பாக்குற அம்மா

செங்கல்பட்டில் அந்த மாதர் சேவா சங்கத்தை ஆரம்பித்தவர்கள் வக்கீல் வீட்டுப் பெண்கள். பண்டிகைக்குப் பண்டிகை அரிசியும் புடவையும் கொடுத்துவந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது, வாங்குகிறவர்கள் நிஜமாகவே இல்லாதவர்கள்தானா என்று. அதனால் ஒரு விதி வைத்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் உதவி. அப்படிப் பார்த்துவரச் சம்பளத்துக்கு ஆள் போட்டார்கள். அந்த வேலைக்குக் கடைசியாக வந்தவர் ரமா.

சிங்கப்பெருமாள்கோயில் ஊர்க்காரர். அண்ணன் உப்பிலி, ஊர்க் கோயிலின் மடப்பள்ளியில் சமையல்காரர். ரமா கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தார். சமூகப்பணி படித்துவிட்டு வேலையில் சேர்ந்தபோது, அடுப்பில் என்ன வேகிறது, புருஷன் குடிக்கிறானா என்றெல்லாம் நோட்டம் விடக் கற்றுக்கொடுத்தார்கள். வருஷங்கள் போகப்போக நோட்டம் விடுவது தானாக உதிர்ந்துபோயிற்று. போய் உட்கார்ந்துவிட்டு வருவது மட்டும் மிஞ்சியது. கடலோரக் குப்பத்து ஜனங்கள் அவரை ‘வூடு பாக்குற அம்மா’ என்றார்கள்.

குப்பம்மாவை முதலில் பார்த்தது சுனாமிக்குப் பிறகு. நெம்மேலியை அடுத்த குப்பம். வெளியூர்களிலிருந்து லாரியில் வந்த பழைய துணி சாலையோரம் மலைபோலக் குவிந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது. ரமா அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்; கையில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். கணவன் சின்னராசுவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, சின்னப்பெண் பவானியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள் குப்பம்மா.

“சொட்டரு எங்களுக்கு இன்னாத்துக்குமா? யாரு கேட்டா இத?”

ரமா துணியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அடுத்த வாரமும் போனார். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

பவானி வளர்ந்து, கல்யாணமாகி, சில வருஷங்களில் தாய்வீட்டுக்கே திரும்பி வந்தாள். காதில் யாரோ பேசுகிறார்கள் என்றாள். குடத்துத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டிக் கவிழ்த்தாள். கணவன் கிஷோர் கொண்டுவந்து விட்டதோடு சரி. தாயத்தும் பூசாரியும் பார்த்தாயிற்று. கடைசியில் ரமாதான் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு பஸ் மாற வேண்டும். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரிடம் பேசி, மாத்திரை வாங்கி, வாசலில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். வியாழக்கிழமை என்றால் அதுதான் வேலை. பவானி தேறினாள். அம்மாவோடு கருவாடு காயவைத்தாள்.

அதற்குள் ரமாவுக்கு முழங்கால் போயிருந்தது. சங்கத்தின் செலவை நாவலூர்க் கம்பெனி ஒன்று ஏற்றுக்கொண்டது. நிர்வாகத்துக்கு வந்த ஹர்ஷவர்தன் மரியாதை தெரிந்த பிள்ளை. ரமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் கேட்டான்.

“முழுசா ஒரு நாள் ஒரே வீட்டுக்குப் போயிடுது மேடம். அங்க போய் என்ன பண்றீங்க?”

“உக்காந்துட்டு வரேன்.”

அவன் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து வீடு பார்ப்பது நின்றது. அந்த நேரத்தில் ஊர் ஊராக மளிகைப் பை கொடுக்க ஏற்பாடாயிற்று. ரமா சண்டை போடவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. பவானியை இனி ஆஸ்பத்திரிக்கு எப்படி அழைத்துப் போவது என்று குப்பம்மாவிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் குப்பம்மா போன் செய்தாள். “நேத்துலேர்ந்து பவானிய காணோம்மா. மாரி மகாபலிபுரம் பூரா தேடிகினு கீறான்.” மாரி குப்பம்மாவின் தம்பி.

ரமாவுக்கு முதலில் தோன்றியது, முழங்கால் இப்படி வலிக்கிற இன்றைக்கா, என்பதுதான். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பியவரைப் பார்த்து உப்பிலி, “உனக்கு இன்னும் எத்தனை நாளைக்குடி இந்த அலைச்சல்?” என்றார். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, குப்பத்துக்குப் பஸ் பிடிக்க நடக்கும்போதுதான் அன்று வியாழக்கிழமை என்பது உறைத்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வாசலில், டீக்கடைக்கு எதிரே மரத்தடியில், பவானி பழைய சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எப்ப வந்த?”

“நேத்தே வந்துட்டேன்க்கா. மாத்திர தீந்து ரொம்ப நாளாச்சி. வியாழக்கெழம தவறிப் பூடக் கூடாதுன்னுதான்.”

“வந்தவ உள்ள போகக்கூடாதா?”

“நீ வருவேன்னு குந்திகினு இருந்தேன்.”

ரமாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். குப்பம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

அவர்கள் வீடு போய்ச் சேர்ந்ததும் குப்பம்மா மகளை இரண்டு அடி வைத்தாள். பிறகு ரமாவிடம் திரும்பினாள். “பை வருது. அரிசி, பருப்பு, எண்ண, அல்லாம் வருது. ஆளு வர்ல. நான் மீனு விக்கப் போவேனா, இவள இட்டுகினு ஓடுவேனா?”

“எனக்கும் முடியலை குப்பம்மா,” என்றார் ரமா.

அந்த வீட்டில் அதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை. குப்பம்மா பாயை உதறிப் போட்டாள். “கால நீட்டு. அப்பால போலாம் வூட்டுக்கு.”

படுத்ததுதான் தெரியும். ரமா விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். வாசலில் குப்பம்மாவும் பக்கத்து வீட்டுக் காசியம்மாளும் பேசிக்கொண்டிருந்தார்கள். காசியம்மாள் சுகர் மாத்திரைக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறவள்.

“எனக்கு எந்தக் கெழமையா இருந்தா இன்னா? வியாழக்கெழமையே போறேன். இவளும் வரட்டும்,” என்றாள் காசியம்மாள். பிறகு எழுந்து உட்கார்ந்த ரமாவிடம், “நீ சொல்லு, எந்த வரிசையில நிக்கணும்?” என்று கேட்டாள். ரமா சொன்னார். பவானியும் நடுநடுவே திருத்திச் சொன்னாள்.

மறுநாள் ரமா நடந்ததைச் சொன்னதும் ஹர்ஷவர்தன் கேட்டான். “இதை ஆண்டு விழாவில சொல்லலாமா மேடம்?”

“வேண்டாம்பா. பவானி அந்த ஊர்ல இருக்கணும்.”

அவன் வற்புறுத்தவில்லை. வீடு பார்க்கும் வேலையும் திரும்பி வரவில்லை. ஓய்வு பெறும்வரை ரமா பை கொடுத்தார். சித்திரையில் சால்வை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

இப்போது மத்தியானமானால் தூக்கம் வந்துவிடுகிறது. போன வாரம் கண் அசரும் நேரத்தில் போன் அடித்தது. பவானி.

“அக்கா, மாத்திர மாறிப்போச்சி. வெள்ளயா இருந்தது மஞ்சளா கீது.”

“டாக்டர்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன். அதே மருந்துதானாம்.”

“அப்ப சாப்பிடு.”

“சும்மா சொல்லலாம்னு போட்டேன். இன்னா பண்ற?”

“படுத்துண்டிருக்கேன்.”

“படு, படு,” என்று பவானி போனை வைத்தாள்.